ஐந்தாம் பிரதி

எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த எட்டு மிஷினிலும் சீட்டா கிடையாது. சீட்டா மட்டுமில்லை, கிரேக்க எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், லோயரும் ஹையரும் பாஸ் பண்ண வருகிற பிள்ளைகளுக்காக வைத்திருந்த டைப் மிஷின்களில் அது எதற்கு இருக்கப்போகிறது? ஆகவே கணக்கு சாரின் ஆய்வேட்டை அடிக்கும்போது, குறி வரும் இடங்களில் எல்லாம் ஸ்பேஸ் பாரைத் தட்டி வெற்றிடம் விடுவேன். ஒற்றைக் குறிக்கு மூன்று தட்டு. தலைக்கு மேல் அடுக்கு இருந்தால் ஐந்து. பக்கம் முடிந்ததும் கார்பன் தாள்களை உருவிவிட்டு, தொட்டெழுதும் பேனாவால் கறுப்பு மசியில் அந்த இடங்களை நானே நிரப்புவேன். கழித்தல் குறியைக்கூட மிஷினில் அடிக்க விடமாட்டார் மனுஷன். மிஷினில் இருக்கிற கோடு குட்டையாம், வார்த்தையை வார்த்தையோடு ஒட்டுகிற கோடாம். "அது வேற, இது வேற டீச்சரம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கத்தில் இருபது கழித்தல் இருந்தால் ஐந்து பிரதியும் முடியும்போது நூறு கோடு இழுத்திருக்க வேண்டும். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கணக்கு சார் மேல்நிலைப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவர். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். சாமையும் வரகும் விதைக்கிற குடும்பம். அந்த ஊரிலிருந்து எம்.எஸ்சி. வரை போன முதல் ஆள் அவர்தான். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, பதிவுக்காலத்தை இரண்டு தடவை நீட்டித்து வாங்கியிருந்தார். மூன்றாவது தடவை கிடையாது என்று மெட்ராஸிலிருந்து பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முதல்முதலாக என் மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு படி ஏறுவார், நிற்பார், ஏதோ யோசிப்பார், மறுபடி இரண்டு படி. மேலே வந்து சேர்வதற்குள் ஒரு பக்கம் அடித்து முடித்துவிடலாம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் போலவே என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் வேறு யாரும் என்னிடம் அத்தனை மரியாதையாகப் பேசியதில்லை. எனக்கு முப்பது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை, மூக்குக்கு மேல் கோபம் வேறு. அதனால் ஊர் என்னை வேறு மாதிரிதான் பேசியது.

காஸ்மிக் ஸ்ட்ரிங்ஸ் என்று இருந்த தலைப்பைப் பார்த்ததும் கேட்டேன். "இன்னா சார் இது, ஆகாசத்துக்குக் கயிறு கட்டி வெச்சிருக்காங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கயிறு இல்லீங்க, இழை. ஆதியில எல்லாம் கொதிச்சிக்கினு இருந்துச்சு. அது ஆறச்சொல்ல எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி ஆறல. ஏரி காஞ்சா வெடிப்பு வுடுது பாருங்க, அந்த மாதிரி அங்கங்க வெடிப்பு வுட்டுப்போச்சு. அந்த வெடிப்புதான் இழை." அணுவைவிட மெல்லியதாம். நீளத்துக்கோ முடிவே இல்லையாம். ஒரு முழம் இழையைத் தராசில் வைத்தால் எதிர்த்தட்டில் கல்வராயன் மலையையே தூக்கி வைத்தாலும் ஈடாகாதாம்.

"யாராச்சும் பாத்திருக்காங்களா சார்?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இத்தினி பக்கம்?"

"இருந்திருந்தா இன்னா ஆகியிருக்கும்னு பாக்கறதுதாங்க கணக்கே."

இன்னொன்றும் சொன்னார். அண்டத்தை நிரப்பியிருந்தது தண்ணீரைப் போல ஓடுகிற திரவம் இல்லை, பாகைப் போல இழுக்கிற திரவம் என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார். விரிய விரியத் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துச் சூடாகுமாம். அந்த இழுவைக்கு வைத்த பெயர்தான் சீட்டா. மணலூர்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். "அப்ப பாகுல கம்பிப் பதம் பாக்கற மாதிரிதானே சார்?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். "அதேதான், அதேதான். அந்தக் கம்பி கடைசி வரைக்கும் நிக்குதா, இல்ல பாகுலயே கரைஞ்சி பூடுதா? அது ஒண்ணுதாங்க என் கேள்வி. எட்டு வருஷமா அதத்தான் போட்டுக்கினு கீறேன்."

ஆய்வேட்டில் ஆறு மாதிரிகள். அண்டம் இப்படி இருந்தால், அப்படி இருந்தால் என்று ஆறு வகை. ஐந்தில் இழை கரைந்துவிடுகிறது. காலம் போகப் போகத் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் ஆகி, வெறும் துகள்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆறாவதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கடைசிச் சமன்பாட்டின் அடுக்கில் இரண்டு எழுத்து, நடுவில் ஒரு குறி. கழித்தல் என்றால் இழை கரையும். கூட்டல் என்றால் இழைதான் கடைசியில் மிஞ்சும், மற்றதெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். பாகின் இழுவையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் பொறுத்து இரண்டுக்கும் இடமிருந்தது. ஒரு நாள் வந்து "நிக்குதுங்க" என்பார். மறுநாள் வந்து "இல்லீங்க, நிக்கல" என்பார். முடிவு தெரியாமல் அந்த அத்தியாயத்தை அடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு குறிக்கும், முடிவுரையில் ஒரு வரிக்கும் இடம் விட்டுவைக்கச் சொன்னார். விட்டேன். ஐந்து பிரதியிலும்.

அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. கேட்டதில் தப்பில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். கரும்பு வெட்டியும் கல் உடைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, படித்த பிள்ளை அதே கரும்புக்கு வெட்டுக்கத்தி தூக்குவதைப் பார்த்த சனங்கள் எங்களுடையவர்கள். என் தம்பியும் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டு நான்கு வருஷமாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவன்தான். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். தார் ரோட்டை வெட்டிப் பள்ளமாக்கினார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, பால் வண்டிகூட இரண்டு நாள் வரவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற சாலை முழுக்க என் தம்பியின் ஆட்கள். அவன் கையசைத்தால் மரம் நகரும், இல்லாவிட்டால் நகராது என்று ஊரே சொன்னது.

அந்தத் தம்பியோடு எனக்கு எட்டு மாசமாகப் பேச்சு இல்லை. என்னைக் கேட்காமலே ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லி, தட்டு மாற்ற நாளும் குறித்துவிட்டான். வந்தவர்களை நானே கும்பிட்டு அனுப்பி வைத்தேன். அவன் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல" என்று கத்தினான். நானும் சும்மா இருக்கவில்லை. "நீயும் எனக்குத் தம்பி இல்லடா, போடா" என்று தெருவே கேட்கச் சொன்னேன். பேசுவதில்லை என்றால் பேசுவதில்லைதான். அம்மா நடுவில் அழுதுகொண்டு கிடந்தாள். ஒரே வீட்டில் அவன் முன்வாசல் வழியாக வருவான், நான் பின்வாசல் வழியாகப் போவேன்.

பதிவுக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு சார் வந்தார். அன்றைக்குப் படியில் நிற்கவே இல்லை, கடகடவென்று ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. "முடிஞ்சிடுச்சிங்க. இத மட்டும் போட்டுடுங்க" என்றார். அதில் அந்தக் குறியும் முடிவுரைக்கான அந்த ஒரு வரியும் இருந்தன. மிஷினில் தாளைத் திரும்பச் செருகி, வரி கோணாமல் ரோலரைத் திருப்பி வைத்து அடிப்பது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு பிரதியாக எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டார்.

"காலையில நடந்தே போய்ப் பாத்தேங்க. மொத மரத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க. யாரோ வெளியூர் ஆளுங்க, என்னத் தெரியல. உங்க தம்பி தியாகதுருகத்துல கீறாராம். நீங்க ஒரு வார்த்த சொல்லி அனுப்பினா வழி வுடுவாங்க. உளுந்தூர்பேட்ட போய்ட்டா அப்பால எப்படியாவது மெட்ராஸ் பூடுவேன்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. நான் போய் அவனிடம் நிற்பதா? அவன் ஆட்களெல்லாம் பார்க்க, அக்கா இறங்கி வந்துட்டா என்று அவன் சிரிப்பதா? இது போதாதென்று, வாத்தியாருக்காக இவள் ஏன் தூது விடுகிறாள் என்று நாலு பேர் பேசுவதா? பேனாவை மசியில் தொட்டபடியே, தலை நிமிராமல் சொன்னேன். "அவன்கிட்ட நான் பேசறதில்ல சார். வேற யாரையாச்சும் கேளுங்க."

அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இறங்கியிருப்பேன். ஜன்னலருகே போய்க் கீழே ஆளில்லாத பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு, "சரி வுடுங்க. எங்க மலை கீது. மேல ஏறி அந்தாண்ட கருமந்துறைக்கு எறங்கிட்டா சேலத்துக்கு பஸ் ஓடுதாம். எனக்குத் தெரியாத வழியா?" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. நான் நான்கு பிரதி முடித்திருந்தேன். "அஞ்சாவது நம்மளுதுதானே, வந்து நெரப்பிக்கலாம்" என்று அவரே எழுந்துவிட்டார். ஐந்தாம் பிரதி எப்போதுமே அப்படித்தான். கார்பன் மங்கி, சொந்தத்துக்கென்று வைத்துக்கொள்வது, எல்லா வேலையும் முடிந்தபிறகு குறி போட்டுக்கொள்வது. முதல் அத்தியாயத்திலிருந்தே அதில் வெற்றிடங்கள் அப்படியே கிடந்தன. நான்கு பிரதியையும், கையெழுத்துப் பிரதியையும், அந்தத் துண்டுச்சீட்டையும் ஒன்றாகக் கட்டி, பிளாஸ்டிக் உர மூட்டைப் பையில் போட்டு வாயைச் சணலால் இறுக்கினார். "வரேன் டீச்சரம்மா." போகாதீங்க சார் என்று நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் சேதி வந்தது. அவரோடு துணைக்குப் போன மைத்துனன் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து சொன்னான். மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. இவர்கள் நின்ற இடத்தில் வெயில். முழங்கால் தண்ணீர்தானே என்று காட்டாற்றில் இறங்கிப் பாதி தாண்டும்போது வெள்ளம் வந்துவிட்டது. அவன் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டான். சார் தலையில் இருந்த மூட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாராம். "மூட்டைய வுடு மச்சான், மரத்தப் புடின்னு கத்தினேன். வுடல. கடைசி வரைக்கும் வுடவே இல்ல" என்று அவன் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சாரின் மனைவி அழக்கூட இல்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பு மறுநாள் கிடைத்துவிட்டது. மூட்டை கிடைக்கவில்லை. அந்த மூட்டையில் இருந்த ஒவ்வொரு கோடும் என் கையால் இழுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மதியம் என் தம்பி இன்ஸ்டிடியூட் வாசலில் வந்து நின்றான். தாடியும் கலைந்த தலையுமாக, ஆளே பாதியாகியிருந்தான். எட்டு மாசத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். "சாரு உன்கிட்ட வந்தாராமே. ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நானே வண்டில ஏத்திக்கினு போய் வுட்டிருப்பேனே அக்கா. கல்யாண வண்டிய வுட்டோம், பிரசவ வண்டிய வுட்டோம், அவர வுட மாட்டோமா? எனக்குக் கணக்கு வர வெச்சவரே அவருதானே." அவன் திட்டியிருந்தால் தேவலை. அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அழுதான். எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. எவ்வளவு பெரிய விலைக்கு!

அதற்கடுத்த வாரம் சாரின் நெறியாளரிடமிருந்து கடிதம் வந்தது. மறியல் நடந்த ஊர்க்காரர்களுக்குக் கடைசி நாளை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்களாம். முழுமையான பிரதி ஏதாவது இருந்தால், இறந்தவர் பெயரிலேயே சமர்ப்பித்துப் பட்டம் வாங்கித் தர முயல்வதாக எழுதியிருந்தார். தபால் ஓடாததால் தேதி தள்ளிப்போனது யாருக்கும் தெரியவில்லை. சார் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கடிதத்தை சாரின் மனைவிதான் என்னிடம் கொண்டுவந்தாள். "எட்டு வருசமா இதுதானேம்மா அவருக்கு. எங்களக்கூட அத்தினி நேரம் பாத்ததில்ல. அவரு பேருக்கு முன்னால அது வரணும்மா. உங்ககிட்ட ஒரு பிரதி கீதுன்னு சொன்னாரே."

இருந்தது. ஓட்டை ஓட்டையாக இருந்தது. "இங்கே, , என்பது பாகுத்தன்மையின் கெழு" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எது கெழு? அந்த இடத்தில் மூன்று தட்டு அகல வெள்ளை. நூற்றுச் சொச்சம் பக்கமும் இப்படித்தான். வீட்டில் கிடந்த அவருடைய பழைய நோட்டுகளை வைத்து முதல் ஐந்து மாதிரிகளை நிரப்பினேன். நோட்டில் இல்லாத இடங்களில் என் கை தானாகப் போனது. கண்ணை மூடிக்கொண்டு பேனாவை வைத்தால், முன்பு நான்கு தடவை எழுதிய கை ஐந்தாவது தடவையும் எழுதியது. எனக்கே பயமாக இருந்தது. மதியம் பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில் நிரப்பிக்கொண்டிருப்பேன். மாடிப்படியில் இரண்டு படி சத்தம் கேட்கும், நிற்கும். நானும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு படிக்குக் காத்திருப்பேன். வராது. கீழே பழக்கடைக்காரர் கூடையை இறக்கி வைக்கிற சத்தம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

ஆறாவது மாதிரியின் அந்தச் சமன்பாட்டுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. கண்ணை மூடினேன், வரவில்லை. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குப் போலவே தாளைச் செருகி, ரோலரைத் திருப்பிப் பார்த்தேன், வரவில்லை. டைப் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், எழுத்துதான் விரலுக்குப் போகும், வாக்கியம் மண்டையில் ஏறாது. அந்த ஒரு வரியை நான்கு தடவை அடித்தேன், அந்தக் குறியை நான்கு தடவை இழுத்தேன். ஒரு கோடா, இரண்டு கோடா? ஞாபகம் இருப்பதெல்லாம் தம்பியின் மேல் இருந்த கோபம் மட்டும்தான். நான் போய் அவனிடம் நிற்பதா, நான் போய் அவனிடம் நிற்பதா என்று மனசு கொதித்துக்கொண்டிருந்தபோது கை என்னமோ எழுதியது. எட்டு வருஷம் ஒரு மனுஷன் கேட்ட கேள்விக்குப் பதிலை உலகத்திலேயே இரண்டு பேர்தான் பார்த்தோம். ஒருவர் போய்விட்டார். இன்னொருத்தி கவனிக்கவில்லை.

சாரின் மனைவியும் நானும் மெட்ராஸுக்குப் போனோம். நெறியாளர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிழையில்லை என்பதுபோல் தலையசைத்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். "இதுதானே அம்மா முடிவே? இரண்டில் எதைப் போட்டாலும் கணக்கு நிற்கும். எதை எடுத்துக்கொள்வது என்பது அவருடைய தீர்மானம். அதை நான் எழுதக் கூடாது. அவர் எதைப் போட்டார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

சாரின் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்? தெரியாது என்று சொன்னால் அந்தக் கட்டு வெறும் காகிதம். "தெரியும் சார். நான்தானே எழுதினேன். கழித்தல்" என்றேன். அவர் பேனாவை என்னிடமே நீட்டினார். ஒரு கோடு இழுத்தேன். இரண்டாவது கோடு இழுக்கிற தைரியம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான் காரணம். முடிவுரையில் விட்டிருந்த வரியை அவரே சொல்ல, அடிக்காமல் கையால் எழுதிச் சேர்த்தோம். காலப்போக்கில் இழைகள் மறைந்துவிடுகின்றன என்று.

பட்டம் வந்தது. சாரின் மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், "டீச்சரம்மாவுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, இல்லன்னா இது ஏது?" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் எதையாவது சாக்கிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். டைப் மிஷின்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, இன்ஸ்டிடியூட் போய் ஜெராக்ஸ் கடை ஆனது. கம்ப்யூட்டரில் சீட்டா இருக்கிறது, நீளமான கழித்தல்கூட இருக்கிறது. ஆனாலும் என் கை சும்மா இருப்பதில்லை. போன் பேசும்போது, பால் கணக்கு எழுதும்போது, கையில் பேனா இருந்தால் ஓரத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கூட்டல், மறுபடி ஒரு கோடு. எதைப் போட்டால் அன்றைய மதியம் திரும்பி வரும் என்று கை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலையில் மேகம் இறங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஐந்து வயதுக் குழந்தை இன்று கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கராபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். காப்பி குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தாள். பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த அவள் அப்பாவின் ஆய்வேட்டைப் படம் எடுத்து அச்சடித்திருந்தாள். என் கையெழுத்து, என் மசி.

"ரெண்டு மாசமா இதத்தான் போட்டுப் பாத்துக்கினு கீறேன் அத்த. கழித்தலும் வருது, கூட்டலும் வருது. ஆனா அப்பா அந்தக் கடைசிப் பகுதியில எடுத்துக்கினு போற தினுச பாத்தா, கூட்டலுக்குத்தான் தயார் பண்ற மாதிரி எனக்குப் படுது. அவரு நெஜமா கழித்தல்தான் போட்டாரா?"

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். வந்தே விட்டதும் ஏனோ பயம் போய்விட்டது. "தெரியாதும்மா" என்றேன். "நாலு தடவ எழுதினேன். ஆனா ஞாபகம் இல்ல. உங்க அம்மா மொகத்தப் பாத்துட்டுப் பொய் சொன்னேன்."

கத்துவாள், எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்ல அத்த. நீங்க சொன்னதாலதான் பட்டம் வந்துச்சு. அம்மா சந்தோஷமா போனாங்க. நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டு வாங்குவதற்கு எத்தனையோ வருஷமாகத் தயாராக இருந்தேன், மன்னிப்புக்கு நான் தயாராக இல்லை. அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் துண்டுச்சீட்டோடு வந்ததை, தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்டதை, நான் தலைகூட நிமிராமல் சொன்ன பதிலை, அதற்குப் பிறகுதான் அவர் மலைவழி போனார் என்பதை. இதை அவள் அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. அந்த அம்மா தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு, வகுப்பில் ஒரு கணக்கின் கடைசி வரியைக் கேட்பவள்போல நிதானமாகக் கேட்டாள்.

"நீங்க கேட்டிருந்தா, உங்க தம்பி வுட்டிருப்பாரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தம்பியும் இப்போது இல்லை, அவன் படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவள் அதை நம்பியும் இருப்பாள்.

"வுட்டிருப்பாம்மா" என்றேன். "அவனே வண்டில ஏத்திக்கினு போய் வுட்டிருப்பான்."